வாடை முதுகில் இருக்க: சிறு பாய்ப்படகில் நார்ஃபோக்கிலிருந்து வெரோ பீச் வரை

செசபீக் விரிகுடாவில் அக்டோபர் பாதியில் ஒரு நாள், காலையில் படகின் கதவைத் திறந்தால் மூக்கு நுனி சில்லிட்டுப் போகும். பின்பக்கக் கொடி தெற்கே பார்த்து விறைத்து நிற்கும். எங்கள் ஊர் மரக்காணத்தில் இந்தக் காற்றுக்கு வாடை என்று பெயர். அங்கே வாடை திரும்பினால் உப்பளத்து வேலை முடிந்தது, மழைக்கு ஆயத்தமாக வேண்டும். இங்கே வாடை திரும்பினால் பாய்ப்படகுகள் தெற்கே கிளம்பும். பனிக்காலத்தை ஃப்ளோரிடாவில் கழிக்கப் போகிறவர்கள் அவர்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் 27 அடிப் படகு ஒன்றில் இந்தப் பயணத்தை மூன்று முறை முடித்திருக்கிறோம். வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் சிறு படகு வைத்திருக்கும் நம் பிள்ளைகள் சிலர், "இதுக்குப் பெரிய படகு வேண்டாமா அக்கா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஆனால் கையில் தேதி இருக்கக் கூடாது. இந்த நாளுக்குள் இந்த ஊரில் இருந்தாக வேண்டும் என்று யாருக்காவது வாக்குக் கொடுத்துவிட்டால், சின்னப் படகுக்கு அதைவிட ஆபத்து வேறில்லை. இதை நான் பட்டுத்தான் கற்றேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

போகும் வழிக்கு இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்று பெயர். வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் மைல் 0. அங்கிருந்து மயாமி சுமார் 1,090 மைல். ஆறுகள், காயல்கள், உப்பங்கழிகள், இவற்றை இணைக்க வெட்டிய கால்வாய்கள் என்று கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே நூல் பிடித்ததுபோலத் தெற்கே போகும். இதை முதன்முதலில் வரைபடத்தில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் பக்கிங்காம் கால்வாயும் இப்படித்தான், காக்கிநாடாவிலிருந்து கரையை ஒட்டியே மரக்காணம் வரை வந்தது. உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிய படகுகள் மரக்காணத்திலிருந்து சென்னைக்குப் போனதைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்தது ஆகாயத்தாமரை மூடிய தண்ணீரை மட்டும்தான். அந்தக் கால்வாய் இன்று உயிரோடு இருந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

வெளியே கடலில் போனால் சீக்கிரம் போகலாமே என்பார்கள். வட கரோலினாவின் ஹாட்டெரஸ் முனையைச் சுற்றிப் போக வேண்டும். கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெந்நீரோட்டம் அங்கே கரைக்குப் பக்கத்தில் வடக்கு நோக்கி ஓடுகிறது. அதற்கு எதிராக வாடை வீசினால் அலை செங்குத்தாக எழும். அட்லாண்டிக்கின் இடுகாடு என்று அந்தக் கடலுக்குப் பெயர் வந்தது சும்மா இல்லை. 27 அடிப் படகுக்கு உள்வழிதான் வழி.

எப்போது கிளம்புவது

புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. சீக்கிரம் போனால் புயலுக்கு முன்னால் போய் நிற்போம், தாமதித்தால் குளிர் பிடித்துக்கொள்ளும். நார்ஃபோக்கிலிருந்து அக்டோபர் 20-ஐ ஒட்டிக் கிளம்புவது எங்களுக்குச் சரியாக வந்தது. காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் ஒரு கோடு கிழித்திருக்கும்: இந்தத் தேதிக்கு முன் இந்த அட்சரேகைக்குத் தெற்கே போனால் புயல் சேதத்துக்குப் பணம் கிடையாது என்று. அந்தத் தேதியையும் கோட்டையும் கிளம்பும் முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பார்கள். அதற்குப் பிறகு மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். எங்கள் படகு மணிக்கு 5 கடல்மைலுக்குச் சற்றுக் கூட ஓடும். ஒரு நாளைக்கு 40 மைல், நல்ல நாளில் 50. நாங்கள் போய்ச் சேரும் ஃப்ளோரிடாவின் வெரோ பீச் 952-வது மைலில் இருக்கிறது. கணக்குப் போட்டால் 24 நாள் ஓட்டம். எங்களுக்கு ஆனது 53 நாள். மிச்சமெல்லாம் காத்திருந்த நாட்கள். அவை வீணான நாட்கள் என்று நினைப்பவர்கள் காரில் போகலாம்.

படகைப் பற்றி

பாய்ப்படகுப் பயணம் என்று பெயர்தானே தவிர, பத்தில் எட்டுப் பங்கு எஞ்சின் ஓட்டம்தான். கால்வாய்க்குள் பாய் விரிக்க இடமில்லை. எங்களுடையது 11 குதிரைத்திறன் டீசல். மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் குடிக்கும். எஞ்சினின் ஒவ்வொரு பாகத்தையும் கையால் தொட்டுத் தெரிந்து வைத்திருங்கள். குளிர்நீர் பம்பின் ரப்பர் இறக்கைச் சக்கரம் இரண்டு, டீசல் வடிகட்டி நான்கு, பெல்ட் இரண்டு, எஞ்சின் ஆயில் மாற்ற ஒரு கை பம்பு. இவை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கீல், அதாவது படகின் அடியில் நீளும் எடைப்பகுதி, தண்ணீருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் இந்த வழியில் உங்கள் ஜாதகம். எங்களுக்கு 4 அடி. 5 அடி வரை கவலையில்லாமல் போகலாம், 6 அடி என்றால் ஒவ்வொரு நாளும் வேர்க்கும். ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி ஆழம் என்பது ஏட்டுக் கணக்கு. கடல்முகத்துவாரங்களை வழி கடக்கும் இடங்களில் மணல் மேடிட்டு 5 அடிக்கும் வந்துவிடும். பாய்மர உயரம் இன்னொரு கணக்கு. நிலையான பாலங்கள் பொதுவாக 65 அடி, ஒன்றிரண்டு 64 அடி, மயாமியின் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடி. சின்னப் படகுக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

நங்கூரத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். உங்கள் படகுக்கு என்று சொல்லப்படும் அளவுக்கு ஒரு படி பெரியதாக வாங்கி, குறைந்தது 30 அடி சங்கிலி, அதன்பின் 150 அடிக் கயிறு போடுங்கள். படகை இழுத்துவிடும் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிடுவதும் நல்லது. ஒரே ஒரு முறை தரை தட்டி இழுக்கச் சொன்னாலும் சந்தாவைப் போலப் பல மடங்கு கேட்பார்கள்.

முதல் முடிவு: எந்தக் கால்வாய்

நார்ஃபோக்கின் போர்க்கப்பல்களையெல்லாம் தாண்டி ஏழு மைல் போனதும் வழி பிரியும். இடதுபக்கம் வர்ஜீனியா கட். அகலமும் ஆழமும் உண்டு, கிரேட் பிரிட்ஜில் ஒரே லாக் (இரு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தித் தண்ணீரை ஏற்றி இறக்கும் அடைப்பு). வலதுபக்கம் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். 6 அடி ஆழம், இரண்டு லாக்குகள், ஒடுக்கம்.

ஆழம் ஒத்துவந்தால் டிஸ்மல் ஸ்வாம்பில் போங்கள். டீப் கிரீக் லாக்கில் படகை நிறுத்தினால் தண்ணீர் 8 அடி மேலே தூக்கிவிடும். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மிதவைகளைக் கட்டி, அணியத்தில் ஒருவர், பின்னால் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கயிற்றைக் கட்டையில் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது, தண்ணீர் ஏற ஏற இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். லாக் திறப்பது நாளைக்கு நான்கே முறை: காலை 8:30, 11:00, மதியம் 1:30, 3:30. கிளம்புமுன் கால்வாயை நடத்தும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைப் பிரிவைக் கூப்பிட்டுக் கால்வாய் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். 2016-இல் மேத்யூ புயலுக்குப் பின் ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது.

உள்ளே தண்ணீர் முதல் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். சைப்ரஸ், ஜூனிப்பர் மரங்களின் சாறு இறங்கி அந்த நிறம். காற்றே இல்லாத காலையில் மரங்கள் அதில் தலைகீழாக நிற்கும். 1793-இல் தோண்டத் தொடங்கி 1805-இல் திறந்தார்கள். தோண்டியவர்கள் அடிமைகள். இடுப்பளவுச் சேற்றில் நின்று கையால் வெட்டினார்கள். அதே சதுப்புக்காட்டின் உள்ளே, தப்பி ஓடிவந்த அடிமைகள் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்திருக்கிறார்கள். 28-வது மைலில் இலவசப் படகுத்துறையும் அதை ஒட்டி ஒரு வரவேற்பு மையமும் உண்டு, அங்கே இதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியைத் தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்காக வெட்டினவர்கள் எங்கள் பக்கத்து மனிதர்கள். அந்தத் துறையில் இறங்கி நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இவர் என் தோளில் கை வைத்து, "வா, டீ போடலாம்" என்றார்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீரில் பச்சைப் பாயாகப் பாசி மிதக்கும். அது எஞ்சினின் குளிர்நீர்க் குழாயை அடைக்கும். புகைபோக்கியில் தண்ணீர் துப்புகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பாருங்கள். தண்ணீருக்கடியில் மரக்கட்டைகளும் உண்டு. இடித்தால் 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெதுவாகப் போனால் சேதமில்லை.

51-வது மைலில் எலிசபெத் சிட்டி. நகரின் இலவசத் துறையில் 48 மணி நேரம் கட்டிக்கொள்ளலாம். வந்திறங்கும் பெண்களுக்கு ரோஜாப்பூ கொடுக்கும் வழக்கத்தை 1983-இல் இரண்டு பெரியவர்கள் ஆரம்பித்து வைத்த ஊர் இது. வந்தாரை வரவேற்கும் ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது தப்பில்லை. தங்கத்தான் வேண்டும், ஏனென்றால் அடுத்தது அல்பெமார்ல்.

தேதி வைத்துக் கடந்த நாள்

அல்பெமார்ல் சவுண்ட் கிழக்கு மேற்காகக் கிடக்கும் பெரிய நன்னீர்க் காயல். குறுக்கே கடக்க 15 மைல்தான். ஆழம் எங்குமே 20 அடியைப் பெரிதாகத் தாண்டாது. ஆழமில்லாத தண்ணீரில் காற்று அடித்தால் அலை நீளாது. குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். மூச்சு விட நேரம் தராது.

எங்கள் முதல் பயணத்தில் மகள் வெள்ளிக்கிழமை வட கரோலினாவின் போஃபோர்ட்டுக்குக் காரில் வருவதாக ஏற்பாடு. அன்று செவ்வாய். காலையில் தென்மேற்குக் காற்று 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்), மதியத்துக்கு மேல் குளிர்முனை (குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு) கடந்து வடமேற்கே திரும்பி 25 நாட் என்று வானிலை வானொலியில் சொன்னார்கள். மதியத்துக்குள் கடந்துவிடலாம் என்று கிளம்பினோம். குளிர்முனை பதினொரு மணிக்கே வந்துவிட்டது. மேற்கே ஒரு கருங்கோடு, ஐந்து நிமிட அமைதி, பிறகு காற்று. படகு ஆடிய ஆட்டத்தில் டீசல் தொட்டியின் அடியில் பல வருஷமாகப் படிந்திருந்த கசடு கலங்கி மேலே வந்து வடிகட்டியை அடைத்தது. எஞ்சின் இருமியது, நின்றது.

நான் சுக்கானைப் பிடித்தேன். இவர் முன்பாயைக் கால்வாசி மட்டும் அவிழ்த்தார். காற்று முதுகுப்பக்கம் இருந்ததால் பிழைத்தோம், அந்தத் துண்டுப் பாயிலேயே படகு ஆறு நாட்டுக்கு மேல் ஓடியது. அலிகேட்டர் ஆற்றின் முகத்தில், பாலத்துக்கு முன்னாலேயே மேற்குப்பக்கம் லிட்டில் அலிகேட்டர் ஆறு பிரிகிறது. அங்கே கரை மறைவில் பாயோடு நுழைந்து நங்கூரம் போட்டோம். என் கைகள் சுக்கானை விட்டுப் பிரிய நேரமானது. மகளைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, எப்ப வேணா வருவோம்மா, நீ வராதே" என்றேன். அவள் அழுதுகொண்டே, "நான் எப்பம்மா உங்கள அந்தத் தேதிக்கு வரச் சொன்னேன்?" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் படகில் ஒரு சட்டம். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் நாளைச் சொல்லலாம் அல்லது ஊரைச் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடாது.

இந்தப் பெரிய காயல்களை, அதாவது அல்பெமார்ல், பாம்லிக்கோ ஆறு, நியூஸ் ஆறு, காற்று 15 நாட்டுக்குள் இருக்கும் நாளில், விடிந்ததும் கடந்துவிடுங்கள். குளிர்முனை நான்கு முதல் ஏழு நாளுக்கு ஒன்று வரும். அது கடந்த மறுநாள் இல்லை, அதற்கும் மறுநாள் கிளம்புவது உத்தமம். கிளம்புமுன் டீசல் தொட்டியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். நான் சொல்வதில் இந்த ஒன்றை மட்டும் கேட்டாலும் போதும்.

குறிகளும் பாலங்களும்

தெற்கே போகையில் வழிகாட்டும் சிவப்புக் குறி வலதுபக்கம் இருக்க வேண்டும், பச்சை இடதுபக்கம். முகத்துவாரத்திலோ பெரிய ஆற்றிலோ வழி கலக்கும் இடத்தில் அந்த ஆற்றின் குறிகள் நிறம் மாறிக் குழப்பும். அப்போது நிறத்தைப் பார்க்காதீர்கள், குறியின் மேல் ஒட்டிய சின்ன மஞ்சள் அடையாளத்தைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் எப்போதும் வலது, மஞ்சள் சதுரம் எப்போதும் இடது. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி: என் வலது மூக்கில் மூக்குத்தி, முக்கோணமும் மூக்கும் ஒரே பக்கம்.

திறக்கும் பாலங்களை வி.எச்.எஃப். ரேடியோவில் கூப்பிட வேண்டும். வர்ஜீனியா, வட கரோலினாவில் சேனல் 13. தென் கரோலினா, ஜார்ஜியா, ஃப்ளோரிடாவில் சேனல் 9. பாலத்தின் பெயர், உங்கள் படகின் பெயர், தெற்கே போகிறீர்கள் என்பது. இவ்வளவு சொன்னால் போதும். திறந்ததும் நன்றி சொல்லுங்கள். நம் உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். நிதானமாகப் பேசினால் எல்லோருக்கும் புரிகிறது. ரைட்ஸ்வில் பீச் பாலம் போலச் சிலவற்றை மணிக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். ஐந்து நிமிடம் தவறினால் நீரோட்டத்தில் வட்டமடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

காகித வரைபடங்களை அமெரிக்க அரசு அச்சிடுவதை நிறுத்திவிட்டது. டேப்லெட்டில் இரண்டு வரைபடச் செயலிகள் வைத்துக்கொள்ளுங்கள். ராணுவப் பொறியாளர் படை முகத்துவாரங்களில் அவ்வப்போது ஆழம் அளந்து வெளியிடுகிறது. அந்த அளவீட்டை வரைபடத்தின் மேல் நிறங்களாகக் காட்டும் செயலி இருந்தால் பாதிக் கவலை தீரும்.

கரோலினாக்கள்

போஃபோர்ட் இரண்டு உண்டு. வட கரோலினாவில் 'போஃபோர்ட்', தென் கரோலினாவில் அதே எழுத்துகளை 'பியூஃபர்ட்' என்று சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் ஊர்க்காரர்கள் திருத்துவார்கள்.

லெஜூன் முகாமில் மரைன் படை வீரர்கள் துப்பாக்கிப் பயிற்சி செய்யும்போது வழியையே மூடிவிடுவார்கள். முதல் நாளே விசாரித்து வையுங்கள். கேப் ஃபியர் ஆற்றில் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) இறங்கும் நேரத்தில் நுழைந்தால் சவுத்போர்ட் வரை ஆறு தானாகத் தள்ளிக்கொண்டு போகும், எதிர்த்தால் நடந்து போகிறவர் உங்களை முந்துவார். அதற்குத் தெற்கே லாக்வுட்ஸ் ஃபாலி, ஷலாட் முகத்துவாரங்களில் மணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஓதம் ஏறும்போது மட்டும் கடக்கவும். மர்ட்டில் பீச்சின் முதுகில் கால்வாயின் இரு விளிம்பிலும் பாறை. நடுவிலேயே போங்கள். எதிரே பார்ஜ் என்னும் அகன்ற சரக்குப் படகு வந்தால் ஒதுங்க இடமில்லை. நுழையும் முன் சேனல் 16-இல் அறிவித்துவிட்டு ஒரு நிமிடம் பதிலுக்குக் காத்திருங்கள்.

அதைத் தாண்டினால் வக்கமா ஆறு. இந்த வழி முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சைப்ரஸ் மரங்கள் தண்ணீரிலேயே நிற்கும், கிளைகளில் சாம்பல் நிறத்தில் ஸ்பானிஷ் பாசி தொங்கும். ஜார்ஜ்டவுனை நெருங்கும்போது கரை ஓரத்தில் நேர்கோடாக வரப்புகள் தெரியும், நடுவில் நாணல். அவை வயல்கள். நெல் வயல்கள். அடிமை முறை முடியும் வரை இந்தப் பகுதி அமெரிக்காவின் நெற்களஞ்சியம். நாற்று, வரப்பு, மதகு என்று எல்லாம் அறிந்தவர்கள் மேற்கு ஆப்பிரிக்க மக்கள். அவர்களைப் பிடித்துவந்து சதுப்பைக் கழனியாக்கினார்கள். ஓதம் ஏறும்போது உப்பு நீர் அடியில் தங்க, ஆற்றின் நன்னீர் மேலே எழும்பும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்து நன்னீரை மட்டும் வயலுக்குள் விட்டார்கள். அந்த வித்தையை நினைத்துப் பாருங்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அவர்கள் விடுதலையான பிறகு, புயல்களும் அடித்து, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நெல் விவசாயம் ஓய்ந்துபோனது.

அங்கே ஒரு கிளை ஓடையில் நங்கூரம் போட்டு மறுநாளும் தங்கினோம். வேறு காரணம் எதுவும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது. அன்று சோறு வடித்தபோது இவர் கஞ்சியைக் கொட்டவிடவில்லை.

ஜார்ஜியாவில் ஓதம்

பலர் ஜார்ஜியாவைப் பயந்து வெளியே கடலில் கடந்துவிடுவார்கள். 140 மைல், ஊர்கள் குறைவு, வழி பாம்பாக வளையும், ஓதம் 7 முதல் 9 அடி. பயம் தேவையில்லை, கணக்குத் தேவை.

எங்கள் படகில் தினசரி நாட்காட்டி ஒன்று தொங்கும். ஊரிலிருந்து வருஷா வருஷம் வாங்கிவரும் தாள் கிழிக்கும் காலண்டர். நல்ல நேரம் பார்க்க இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டு மூன்று நாள் ஓதம் மிக ஏறும், மிக வற்றும், நீரோட்டமும் கடுமையாகும். மரக்காணத்துச் சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அட்டவணையில் அடிக்கணக்கைப் பார்க்குமுன் தாளைப் பார்த்தாலே நாள் எப்படி என்று தெரிந்துவிடும்.

ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர், ஜெகில் கிரீக். இந்த மூன்றும் வற்றின நேரத்தில் படகைப் பிடித்துவைக்கும். பாதி ஓதம் ஏறின பின் நுழையுங்கள். ஏன் உச்ச ஓதத்தில் இல்லை என்றால், உச்சத்தில் தட்டினால் அதற்கு மேல் தண்ணீர் வராது. அதுவும் பௌர்ணமி உச்சம் என்றால், படகைத் தூக்கும் அளவு தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஏறும் ஓதத்தில் தட்டினால் அரை மணியில் தானாக மிதக்கும். எங்களுக்கு லிட்டில் மட் ரிவரில் தட்டியது. நான் ஆழமானியைப் படித்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, ஏழு... ஆறு... அஞ்சரை... நிறுத்துங்க!" சேற்றில் மெத்தென்று நின்றது. எஞ்சினை அணைத்தோம், சேறு குழாய்க்குள் போகாமல் இருக்க. காப்பி குடித்து முடிக்கையில் படகு மெல்ல அசைந்து விடுவித்துக்கொண்டது.

நங்கூரத்துக்கும் இதே கணக்குதான். வற்றும்போது ஆழம் 8 அடி, ஓதம் ஏறினால் இன்னும் 8 அடி, தண்ணீரிலிருந்து அணியத்தின் உயரம் 4 அடி. மொத்தம் 20. அதைப் போல ஐந்து மடங்கு, 100 அடிக் கயிறு விட வேண்டும். காற்று வரும் என்றால் ஏழு மடங்கு, 140. மாலையில் பார்க்கும்போது 8 அடிதானே என்று 40 அடி விட்டால் நள்ளிரவில் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். ஆறு மணி நேரத்துக்கொரு தரம் நீரோட்டம் திசை மாறும், படகும் திரும்பும். சுற்றிலும் அதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள்.

ஜார்ஜியாவின் கடைசித் தீவு கம்பர்லேண்ட். தேசியக் கடற்கரையாகக் காக்கப்படும் காடு, அதில் தானாகத் திரியும் குதிரைகள். துடுப்புப் படகில் இறங்கி, ஓக் மரங்களின் கீழே நடந்து, மறுபக்கம் போனால் அட்லாண்டிக். இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

குளிரும் சமையலும்

வட கரோலினாவில் நவம்பர் இரவுகளில் உறைநிலைக்குப் பக்கத்தில் இறங்கும். மூச்சின் ஈரம் கூரையில் முத்து முத்தாக நின்று காலையில் முகத்தில் சொட்டும். குளிருக்குச் சிறு கேஸ் அடுப்பு மூட்டினால் மேல் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் மூட்டவே மூட்டாதீர்கள், எரியவிட்டுத் தூங்காதீர்கள். சுக்கான் பிடிப்பவருக்குக் கம்பளிக் கையுறை போதாது, காற்றுத் தடுக்கும் உறை வேண்டும்.

படகுக்கு ஏற்ற பாத்திரம் குக்கர்தான். மூடி பூட்டிக்கொள்வதால் படகு சாய்ந்தாலும் சிந்தாது, கேஸும் பாதிதான் ஆகும். அரிசி, துவரம்பருப்பு, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி, மிளகுப்பொடி, வடகம். புளிக்காய்ச்சல் குளிர்பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும், பாலம் திறக்கக் காத்திருக்கும் நேரத்தில் சோற்றில் பிசைந்து கையில் கொடுத்துவிடலாம். இட்லி மாவு குளிரில் புளிக்காது. எஞ்சின் நின்றதும் அதன் மேல்மூடியில் பாத்திரத்தை வைத்துப் போர்வையால் சுற்றினேன், காலையில் பொங்கியிருந்தது. கறிவேப்பிலையைக் காயவைத்துக் கொண்டுபோங்கள். சார்ல்ஸ்டனில் ஒரு நாள் தங்கி எல்லாம் நிரப்பிக்கொள்ளலாம். மருந்து மாத்திரை மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

ஃப்ளோரிடா

ஃபெர்னாண்டினாவில் எல்லை தாண்டியதும் ஸ்வெட்டர் ஒன்று குறையும். 778-வது மைலில் செயின்ட் அகஸ்டின், 1565-இல் ஸ்பானியர் நிறுவிய ஊர். கோட்டை மதிலுக்கு எதிரிலேயே படகு கட்டும் நகராட்சி மிதவைகள் உண்டு. நீரோட்டம் வலுவானது, மிதவையைப் பிடிக்க ஓட்டத்துக்கு எதிராக வாருங்கள். அதன்பின் பாலங்கள், பாலங்கள். மனாட்டீ என்னும் கடற்பசுக்களுக்காக வேகம் குறைக்கும் பலகைகள் வரும், நவம்பர் நடுவிலிருந்து கூடுதலாக. நம் பாக் நீரிணையின் ஆவுளியாவுக்கு இவை தூரத்து உறவு. எங்கள் படகின் வேகத்துக்கு அந்தப் பலகைகள் தேவையே இல்லை, ஆனாலும் எட்டிப் பார்த்துக்கொண்டே போவேன். ஹாலோவர் கால்வாயில் ஒன்று மூக்கை மட்டும் நீட்டி மூச்சு விட்டது.

வெரோ பீச்சில் நகராட்சி மிதவைகளில் கூட்டம் அதிகமானால் ஒரே மிதவையில் இரண்டு மூன்று படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டச் சொல்வார்கள். வந்தவர்கள் கிளம்புவதில்லை என்பதால் 'வெல்க்ரோ பீச்' என்று செல்லப் பெயர். பக்கத்துப் படகுக்கு உங்கள் ரப்பர் மிதவைகளையும் கொடுத்து, பாய்மரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நில்லாமல் முன்பின்னாகக் கட்டுங்கள், ஆட்டத்தில் மரங்கள் மோதாது. டிசம்பர் 12 மதியம் நாங்கள் கட்டினோம்.

கட்டியதும் எஞ்சின் சூடாக இருக்கும்போதே ஆயிலை மாற்றுங்கள். டீசல் தொட்டியை முழுக்க நிரப்பி வையுங்கள், காலியாக விட்டால் உள்ளே ஈரம் கோக்கும். நங்கூரச் சங்கிலியை நன்னீரில் கழுவிக் காயப்போடுங்கள். பிறகு மகளைக் கூப்பிட்டு ஊரின் பெயரை மட்டும் சொன்னேன். நாளை அவள் சொன்னாள்: பொங்கலுக்கு.